பெட்டிக்குள் இல்லாத துவக்கு

அக்கா தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். வழமையாக அவள் வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து கதைத்தால் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் எனக்கு டெலிபோனே தேவையில்லை, அப்படி ஒரு தொண்டை. அன்று கிசுகிசுத்தாள்.

"இவர் அதைப் பெட்டிக்குள்ள வைக்கிறேல்லை."

"எதை?"

"அதைத்தான். துவக்கை. பின்னேரம் இருட்டத் தொடங்க எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கிறார். கவுண்டருக்குக் கீழ, பைகளுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறார். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, சொல்லு என்றேன்.

"நீ ஞாயிற்றுக்கிழமை வந்து கதை. உனக்குத்தான் வாய் இருக்கு. அந்தக் கையெழுத்துப் பேப்பரையும் கொண்டு வா. ஆனா நான் சொன்னது எண்டு காட்டிக்குடுத்துப் போடாதை."

அவள் இரண்டுக்குப் பயந்தாள். ஒன்று, அந்தத் துவக்கு என்றைக்காவது யாரையாவது சுட்டுவிடும். மற்றது, யாரையும் சுடாமலே அத்தானை மறியலுக்குக் கம்பி எண்ண அனுப்பிவிடும். லைசன்ஸ் இருந்ததுதான். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஒரு கிளப்பில் சேர்ந்து, காகிதத்தில் கீறிய வட்டங்களைச் சுட்டுப் பழகுகிறேன் என்று பொலிஸை நம்பவைத்தால், ஒரு கைத்துவக்கை வீட்டில் வைத்திருக்கலாம். சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவேண்டும், அவ்வளவுதான். கள்ளனைச் சுடுவதற்கு வேண்டும் என்று கேட்டால் தரமாட்டார்கள். அத்தான் அப்படிக் கேட்கவில்லை. வாழ்நாளில் கரம் போர்ட்டைத் தவிர வேறெதையும் விளையாடியிராத மனிதர் நாற்பது வயது தாண்டித் திடீரென்று விளையாட்டு வீரரானார்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா அப்படிக் கிசுகிசுத்ததற்கு முந்தைய வருடம் கடை பூட்டுகிற நேரத்தில் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதலில் கதவுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டிக் கடையை இருட்டாக்கினார்கள், வெளியே போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க. பிறகு அத்தானின் நெற்றியில் ஒரு துவக்கை வைத்தார்கள். சிகரெட் பெட்டிகளையும் கல்லாவில் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வந்த பொலிஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, அது உண்மையான துவக்கா, விளையாட்டுத் துவக்கா என்பது. அத்தானுக்குச் சொல்லத் தெரியவில்லை. கள்ளர் கொண்டு போனது அவரை அவ்வளவு வருத்தவில்லை. ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு முன்னால் கை உயர்த்தி நின்றேனோ என்ற நினைப்புத்தான் அவரைத் தின்றது.

அக்கா கிசுகிசுத்த வருடம், தொண்ணூற்றாறு மார்ச் மாதத்தில் ஸ்கொட்லாந்தின் ஒரு சின்ன ஊரில் ஒருவன் லைசன்ஸ் உள்ள கைத்துவக்குகளோடு பள்ளிக்கூடத்துக்குள் போய், ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் நேர்சரி வகுப்பில் உதவியாளராக வேலை செய்தேன். பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது, கோட்டுக்குப் பட்டன் போடுவது, சண்டை விலக்குவது இவைதான் என் வேலை. அடுத்த நாள் காலையில் சின்னக் கதிரைகளை மேசையைச் சுற்றி அடுக்கிவிட்டு, அவற்றை இரண்டு தரம் எண்ணினேன். எங்கள் வகுப்பு டீச்சர் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். நான் அழவில்லை. எனக்குக் கொதிதான் வந்தது. கைத்துவக்கு எல்லாவற்றையும் தடைசெய்யவேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கியபோது, எங்கள் ஆட்களிடம் நான் வாங்கித் தருகிறேன் என்று தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமா? ஆர்ச்வேயில் கோயில் பூசை முடிந்து ஆட்கள் சப்பாத்துப் போடுகிற இடத்தில் நின்று பார்த்தேன். இலங்கையில் போர் நடக்கிற இடத்திலிருந்து ஓடி வந்த சனம், துவக்கு என்றால் உடனே கையெழுத்து வைக்கும் என்று நினைத்த என்னைச் சொல்லவேண்டும். பேனையைக் கையில் எடுத்தவர்களும் யோசித்தார்கள்.

"பிள்ளை, எனக்கு அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. இதில பேரைப் போட்டா உவங்கள் என்ன நினைப்பாங்கள்?" என்றார் ஒருவர்.

"துவக்கு வேண்டாம் எண்டு போட்டா நல்லபிள்ளை எண்டுதானே ஐயா நினைப்பாங்கள்."

"துவக்கைப் பற்றி உமக்கேன் இவ்வளவு அக்கறை எண்டும் கேப்பாங்கள்தானே?"

இன்னொருவர், வயிரவருக்குச் சூலம், முருகனுக்கு வேல், வீட்டுக்காரனுக்கு மட்டும் வெறுங்கையோ என்று பகிடி விட்டார். ஒரு அம்மா மட்டும் பகிடி விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சட்டம் வந்தா நல்ல ஆக்கள் குடுப்பினம். கெட்டவை வைச்சிருப்பினம். பேந்து எப்பிடி? எனக்கு ரண்டு பக்கமும் சரியாப் படுது, பிள்ளை. ஒண்டுக்கும் ஏலாமக் கிடக்கு." அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பத்திரிகையில் வாசித்ததை ஒப்புவித்திருப்பேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கையெழுத்து வைக்காமலே பஸ்ஸுக்குப் போனார்.

அக்காவின் கிசுகிசு வந்தது நவம்பரில். பாராளுமன்றத்தில் சட்டத்தைப் பற்றி இழுபறி நடந்துகொண்டிருந்த நேரம். தெருவெங்கும் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. தீபாவளி, வெள்ளைக்காரரின் நெருப்புத் திருநாள் எல்லாம் அடுத்தடுத்து வந்து கிழமைக்கணக்காகச் சத்தம் ஓயவில்லை.

ஞாயிறு பின்னேரம் நான் போனபோது இன்னும் ஐந்து மணிகூட ஆகவில்லை. வெளியே நல்ல இருட்டு. முன்னால் கடை. பின்னால் ஒரு குசினி. இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமான நடை, அதிலிருந்து மேல்வீட்டுக்குப் படி ஏறும். படிக்குக் கீழே சின்ன அறை மாதிரி ஒரு அலுமாரி. அதற்குள் கரண்ட் மீட்டரும் மெயின் சுவிட்சும் அரிசி மூட்டைகளும் இருக்கும். முற்பணம் கட்டிக் கரண்ட் எடுக்கிற அந்த மீட்டருக்குச் சாவி போட்டு நிரப்புகிற வேலையை அக்கா மச்சாளிடம் விட்டிருந்தாள்.

மச்சாள் என்றால் அத்தானின் தங்கச்சி. யாழ்ப்பாணம் முழுதாக இடம்பெயர்ந்தபோது நடந்து, பிறகு கொழும்புக்கு வந்து, அந்த வருடக் கோடையில்தான் லண்டன் வந்து சேர்ந்திருந்தாள். என் வயதுதான், ஆனால் என்னைவிட மெலிவு. அதிகம் பேசமாட்டாள். பட்டாசு வெடித்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, வந்த திசையைக் கவனித்துவிட்டு, மறுபடி வேலையைத் தொடங்குவாள். அன்று அவள் கடைக்குள் ஒரு பெட்டிமேல் இருந்து, பச்சைமிளகாயைச் சின்னப் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா குசினிக்குள் கறியோடு நின்றாள், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.

"என்ன, தாளும் கையுமா வந்திருக்கிறீர்," என்றார் அத்தான். "என்னட்டையும் கையெழுத்தோ?"

"ஓம் அத்தான். உங்களட்ட வாங்காம விடுவனோ?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "கிளப்பிலயும் ஒரு தாள் தந்தவங்கள், தடை வேண்டாம் எண்டு. அதிலயும் நான் இன்னும் வைக்கேல்லை. அது மேல மேசையில சும்மா கிடக்கு."

"ஏன் வைக்கேல்லை?"

"அந்தப் பிள்ளையளின்ட படத்தைப் பேப்பரில பாத்தனான்," என்றார். "பாத்த பிறகு ஏலாமல் போச்சு. ஆனா உம்மட தாளிலயும் வைக்க ஏலாது. என்ட நெத்தியில வைச்சவன் லைசன்ஸ் எடுத்தே வைச்சவன்? அவனை உம்மட சட்டம் என்ன செய்யும்?"

கோயிலில் அந்த அம்மா கேட்ட அதே கேள்வி. நான் வாசித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். கள்ளனிடம் போகிற துவக்குகளும் ஒருகாலம் யாரோ ஒரு நல்ல மனிதரின் பெட்டிக்குள் இருந்தவைதான் என்றேன். ஸ்கொட்லாந்துக்காரனும் லைசன்ஸ் காட்டித்தான் வாங்கினான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு கிழவர் வந்து பாண் வாங்கிக்கொண்டு போனார். அத்தான் மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"எங்கட ஐயாவின்ட துவக்கு உமக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். குடும்பத்தில் தெரியாதவர் யார்? அவர்களுடைய தகப்பனிடம் வன்னி வயலில் பன்றிக் காவலுக்கு என்று லைசன்ஸ் எடுத்த ஒரு ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. இயக்கப் பெடியள் ஊருக்குள் அத்தகைய துவக்குகளைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், அவர்கள் வீட்டுக்கு வரும் முன்பே, அவர் அதைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒருவரும் கேட்காமலே. அத்தான் அப்போது லண்டனில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"கேக்க முதலே கொண்டுபோய்க் குடுத்தவர்," என்றார் அத்தான். "அதுக்குப் பிறகு வீட்டுக்கு ஆரும் வரலாம், போகலாம். எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான். நான் நிண்டிருந்தா குடுக்க விட்டிருக்கமாட்டன்."

மிளகாய்ப் பையைக் கட்டிக்கொண்டிருந்த மச்சாள் தலையை உயர்த்தாமல் சொன்னாள். "நீங்கள் நிக்கேல்லையே, அண்ணை."

அத்தான் கவுண்டரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மச்சாள், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று நான் கேட்டேன். ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்ற நினைப்பு எனக்கு. "வீட்டில துவக்கு இருக்கிறது நல்லதோ, கூடாதோ?"

அவள் யோசித்தாள். "எனக்குத் தெரியேல்லை, மச்சாள். துவக்கு இருந்த வீட்டிலயும் இருந்திருக்கிறன். இல்லாத வீட்டிலயும் இருந்திருக்கிறன். ரண்டிலயும் நித்திரை இல்லை." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ஆனா இஞ்ச அண்ணை வைச்சிருக்கிறார் எண்டா எனக்கு ஒரு தெம்புதான். பொய் சொல்லக்கூடாது." மிளகாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைக்குள் போய்விட்டாள்.

என் சாட்சி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. அத்தானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அக்கா சொன்னதைக் காட்டிக்கொடுக்கக்கூடாது, ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சரி. இப்ப அது எங்க இருக்கு, அத்தான்?"

"எது?"

"உங்கட விளையாட்டுச் சாமான்."

"மேல. பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கு." கண் வெட்டாமல் சொன்னார். "வேறெங்க இருக்கும்? அதுதானே சட்டம்."

அவர் பொய் சொல்லி நான் அதுவரை கண்டதில்லை. ஊரில் கடைக்காரர்கள் தராசில் விரல் வைக்கிற காலத்தில், ஒரு தேசிக்காய் கூடவே போட்டு நிறுக்கிற மனிதர். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அப்படியே பயமாக மாறியது. அந்தச் சாமான் ஒரு நேர்மையான மனிதரை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது என்றால், இன்னும் எந்த அளவுக்குக் கொண்டுபோகும்? நான் வாயைத் திறந்தேன். "அத்தான், எனக்குத் தெரியும்" என்று சொல்லத்தான் போனேன்.

அதற்குள் மேலே ஹெலிகாப்டர் வந்துவிட்டது. எட்மண்டனில் அது புதினமில்லை. யாராவது கார் களவெடுத்துக்கொண்டு ஓடினால் பொலிஸ் ஹெலிகாப்டர் வட்டமிடும். அன்று நல்ல தாழ்வாக, எங்கள் கூரைக்கு மேலேயே சுற்றியது. கண்ணாடிப் போத்தல்கள் தட்டுகளில் கிணுகிணுத்தன. எங்கேயோ அடுக்கடுக்காகப் பட்டாசும் வெடித்தது. நான் சத்தம் குறையட்டும் என்று காத்து நின்றேன்.

எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்தது.

குளிர்ப்பெட்டிகள் முனகி நின்றன. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் கண்ணாடிக் கதவால் கொஞ்சம் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அத்தான் குனிவதைக் கண்டேன். பைகள் சரிந்து விழுந்தன. அவர் நிமிர்ந்தபோது கையில் அது இருந்தது. நான் அதை அதற்கு முன்பு பார்த்ததில்லை. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது.

"அத்தான்," என்றேன்.

"சத்தம் போடாதையும். மெயினை நிப்பாட்டியிருக்கிறாங்கள். பின்பக்கத்தால வந்திட்டாங்கள்."

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. முதல் தடவையும் அவர்கள் லைட்டைத்தானே முதலில் அணைத்தார்கள். இந்த முறை ஆயத்தமாக இருக்கிறேன் என்று ஒரு வருடமாகக் காத்திருந்த மனிதர் அவர். அந்த இருட்டு வந்ததும் அவர் தடுமாறவே இல்லை. நடைக்குள் போனார். நான் பின்னால் போனேன். ஏன் போனேன், தெருவுக்கு ஓடியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அக்கா உள்ளே நின்றாள், அதனால் போனேன்.

நடைக்குள் கும்மிருட்டு. குசினியிலிருந்து அக்கா "என்னப்பா, கரண்ட் போயிட்டுதோ?" என்றாள். அத்தான் பதில் சொல்லவில்லை. படிக்குக் கீழே அலுமாரிக்குள் ஏதோ உரசியது. சாக்கு இழுபடுகிற சத்தம். பிறகு மூச்சைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு அமைதி.

அத்தான் அலுமாரிக் கதவுக்கு நேரே நின்று இரண்டு கையையும் நீட்டினார். கிளப்பில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். இங்கிலீஷில் சத்தமாக, நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், வெளியே வா என்றார். கையைத் தூக்கிக்கொண்டு வா, என்னிடம் துவக்கு இருக்கிறது, சுடுவேன் என்றார்.

உள்ளே ஒரு அசைவும் இல்லை.

மறுபடி கத்தினார். மேலே ஹெலிகாப்டர் திரும்பி வந்து, வீடே அதிர்ந்தது. அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கடைசித் தரம் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார்.

அக்கா குசினி வாசலில் தீக்குச்சியைக் கிழித்தாள். அந்தத் துண்டு வெளிச்சத்தில் நடையில் மூன்று பேர்தான் நின்றோம். அத்தான், அக்கா, நான்.

"மச்சாள் எங்க?" என்றேன்.

"கடைக்குள்ள உங்களோடதானே?" என்றாள் அக்கா.

தீக்குச்சி அணைந்தது. நான் அத்தானின் கையைத் தட்டவில்லை. தட்டினால் வெடித்துவிடும் என்று பயம். கதவைப் பார்த்து, என் தொண்டையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழில் கூப்பிட்டேன்.

"மச்சாள். நீங்களோ உள்ளுக்கு?"

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் அவசரமாக வந்தது. "ஓம் மச்சாள். வெளியில நிக்காதைங்கோ. ஹெலி சுத்துது. லைற் எல்லாம் நூத்துப்போட்டன். அண்ணையையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு கெதியா உள்ளுக்கு வாங்கோ, இடம் இருக்கு."

பதுங்குகுழிக்குள் போனவள் அவள். அவ்வளவுதான் நடந்தது. ஊரில் மேலிருந்து சுடுகிற ஹெலிச் சத்தம் கேட்டால் முதல் வேலை விளக்கை நூர்ப்பது, இரண்டாவது பங்கருக்குள் இறங்குவது. இந்த வீட்டில் தலைக்கு மேலே கனமான பலகை, சுற்றிவர அரிசி மூட்டை உள்ள ஒரே இடம் படிக்குக் கீழேதான். ஒவ்வொரு லைட்டாக அணைக்க நேரமில்லாததால் மெயினை இழுத்துவிட்டாள். கால்கள்தான் அவளை அங்கே கொண்டுபோயின என்று பிறகு சொன்னாள். வெளியே ஒருவன் புரியாத பாஷையில் கத்தினால் வாய் திறக்கக்கூடாது என்பதும் அவளுக்கு ஊரில் பழகிய பாடம். சொந்த அண்ணனின் குரலை அவள் அடையாளம் காணவில்லை. அந்தக் குரலை நானே அடையாளம் கண்டிருக்கமாட்டேன்.

அத்தான் அப்படியே நின்றார். நீட்டிய கைகள் இறங்கவில்லை. இறக்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். நான் மெதுவாக அவர் தோளைத் தொட்டேன். "அத்தான், தங்கச்சி," என்றேன். அதற்குப் பிறகுதான் கைகள் கீழே வந்தன.

உள்ளே மச்சாள் மெயினைத் தள்ளினாள். நடையில் பல்ப் எரிந்தது. கதவைத் திறந்து, தலைமயிரில் சாக்குத் தும்போடு தவழ்ந்து வந்தவள், எங்கள் மூவரையும் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"பொலிஸ் ஹெலிதானே? அண்ணி சொல்லித் தந்தவ. மறந்துபோனன்." பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அண்ணை, என்னைத் தேடி வந்தனீங்களோ?"

"ஓம்," என்றார் அத்தான்.

"கையில என்ன?"

"டோர்ச்."

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? "நான் பயப்பிடேல்லை, அண்ணை. நீங்கள் கஷ்டப்படாதைங்கோ," என்று சொல்லிவிட்டு, சரிந்த அரிசி மூட்டையை நிமிர்த்தப் போனாள். அக்கா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்டுவிட்டாள்.

அத்தான் படி ஏறினார். நான் பின்னால் ஏறினேன், தனியே விடப் பயம். மேலே அவர் குண்டுகளைக் கழற்றினார். ஒன்று கைதவறி உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அது என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கட்டில் விளிம்பில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"விரல் அதில வைச்சிட்டன்," என்றார். "நீர் கூப்பிடேக்க விரல் அதிலதான்."

என் பைக்குள் கையெழுத்துத் தாள்கள் இருந்தன. வாதாட வந்தவள், வாதத்தில் ஒரு புள்ளிகூட வெல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு, நெற்றியில் வைத்தவனைச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு, அன்றும் என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அலுமாரிக் கதவு கூடவே நினைவு வருகிறது.

அவர் பெட்டிச் சாவியை என் கையில் வைத்தார். "கொண்டு போம். நான் கேட்டாலும் தராதையும். தங்கச்சிக்குச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன். துவக்குப் பெட்டியின் சாவியை வேறொருவரிடம் கொடுப்பதும் குற்றம் என்று எனக்கு அப்போது தெரியாது. சாவி அடுத்த கோடை வரைக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் என் பருப்பு டின்னுக்குள் கிடந்தது. அவர் ஒருதரமும் கேட்கவில்லை. கிளப் பக்கமும் போகவில்லை. கடைக்குப் பின்கதவில் இன்னும் ஒரு பூட்டுப் போட்டார். கவுண்டருக்குக் கீழே உண்மையாகவே ஒரு டோர்ச் வாங்கி வைத்தார்.

சட்டம் வந்தது. கோடையில் எல்லோரும் கைத்துவக்குகளைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று அறிவித்தார்கள். கிளப் ஆட்கள் கடைசி நாள் வரை பொறுத்திருப்போம், சட்டம் மாறலாம் என்று பேசிக்கொண்டார்களாம். அத்தான் முதல் ஆட்களில் ஒருவராகப் போனார். சாவியைக் கொண்டு வந்து பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு நானும் கூடப் போனேன். வரிசையில் கோட்டும் டையுமாக நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் தோல் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அத்தான் கொண்டு போனதை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

அன்று பின்னேரம் கடையில் மச்சாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. ஐயாவின் கதையில் அந்த ஒன்றைத் தவிர. வெண்டிக்காய்ப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கடைசி நாள் மட்டும் வைச்சிருக்கலாம்தானே, அண்ணை? முதல் ஆளா ஓடிப்போய்க் குடுக்க வேணுமோ? நாளைக்கு ஆரும் உள்ளுக்கு வந்தா எங்களை ஆர் பாக்கிறது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். சத்தியம் பண்ணியிருந்தேன்.

"ஐயாவைப் போல நீங்களும் செய்துபோட்டியள்," என்றாள் மச்சாள்.

அத்தான் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை நிறுத்தினார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தங்கச்சியை, அவளுடைய நெற்றியை, வகிட்டை, கையில் ஒட்டியிருந்த வெண்டிக்காய்ச் சுணையை எல்லாம் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ஐயா துவக்கைக் கொண்டுபோய்க் குடுத்த அண்டைக்கு," என்று கேட்டார், "அதுக்கு முதல்நாள் வீட்டில என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லையே. நான் சின்னப்பிள்ளை. பின்வளவில இருட்டினாப் பிறகும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினனான். ஐயாதான் என்னைத் தேடி வந்தவர். ஏன்?"

"சும்மா," என்றார் அத்தான். துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.